தயாரிப்பாளர் திரும்ப அழைத்த கார்: உடற்கூட்டையே பழுதுபார்க்க வேண்டியிருந்தால் உரிமையாளர் எதை எதிர்பார்க்கலாம்?

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், விதுரையைக் கடந்ததும் வரும் கல்லாறு, பொன்முடி மலைப்பாதையின் அடிவாரம். இங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். இரு பருவமழைகளும் பெய்யும் பகுதி. கனமழைக் காலங்களில் மண்சரிவால் சாலை மூடப்படுவதும் உண்டு. இத்தகைய பாதையில் அன்றாடம் ஓடும் காரின் வெல்டிங் இணைப்பிலோ அடிச்சட்டத்திலோ குறை இருப்பதாகத் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தால், அந்த அறிவிப்பு சமவெளியில் வசிப்பவரைவிட இங்குள்ளவருக்குக் கூடுதல் கவலையைத் தரும். காரை ஓட்டலாமா, சர்வீஸ் சென்டர் வரை கொண்டுசெல்வது யார் பொறுப்பு, எத்தனை நாள் கார் இல்லாமல் இருக்க வேண்டும், திரும்பி வரும் கார் பழைய கார்தானா என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. சிலவற்றுக்குச் சட்டத்தில் விடை உண்டு. சிலவற்றுக்கு இல்லை.

இந்தியாவில் இதுவரை நடந்த திரும்ப அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரு பாகத்தை மாற்றுவதோடு முடிந்தவை. 2021 செப்டம்பரில் மாருதி சுசூகி 1,81,754 பெட்ரோல் கார்களை மோட்டார் ஜெனரேட்டர் பாகத்துக்காகத் திரும்ப அழைத்தது. 2023 ஜூலையில் அதே நிறுவனம் எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வகைகளில் 87,599 வாகனங்களை ஸ்டியரிங் தண்டுக்காக அழைத்தது. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா 1,08,306 எக்ஸ்யூவி 700 கார்களின் வயரிங்கை ஆய்வு செய்ய அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களின் எரிபொருள் பம்பை மாற்ற அழைத்தது. கியா கேரன்ஸுக்கு 2022இல் வந்த அழைப்பு வெறும் மென்பொருள் திருத்தம். இவற்றில் உரிமையாளர் இழப்பது பெரும்பாலும் அரை நாள் அல்லது ஒரு நாள்.

உடற்கூட்டுக்கு மிக அருகில் வந்த இந்திய நிகழ்வு என்றால் 2013 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியா அறிவித்ததைச் சொல்லலாம். சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஃபிகோ, கிளாசிக் வகைகளில் 1,66,021 கார்கள் அப்போது அழைக்கப்பட்டன. பவர் ஸ்டியரிங் குழாயோடு, பின் சக்கரங்கள் இரண்டையும் இணைத்துத் தாங்கும் பின்புற உத்திரத்தையும் ஆய்வு செய்து மாற்றுவதே நோக்கம். அது காரின் எடையைச் சுமக்கும் பாகம். ஆனால் போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியது. உடலை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. வெட்டி ஒட்ட வேண்டிய நிலை வரும்போதுதான் கணக்கு முற்றிலும் மாறுகிறது.

உடற்கூடு ஏன் தனி

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லாரியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுத் தூண்கள், கூரை, பக்கச் சுவர்கள் அனைத்தும் சில ஆயிரம் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளால் இணைந்து ஒரே கூடாகின்றன. மோதலின் விசையை வாங்கிப் பிரித்து அனுப்புவது அந்தக் கூடுதான். ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்ற கணக்குகூட, முன்பகுதி எவ்வளவு வேகத்தில் நசுங்கும் என்பதை ஒட்டியே அமைகிறது. ஆகவே ஓரிடத்தில் வெல்டிங் பலவீனமாக இருந்தால் குறை அந்த இடத்தோடு நிற்பதில்லை.

சரிசெய்வதும் எளிதன்று. தூண்களிலும் பக்க உத்திரங்களிலும் பயன்படும் மிகு வலு எஃகைச் சூடாக்கினால் அதன் வலு குறைந்துவிடும். தட்டி நிமிர்த்தவும் கூடாது. பழைய வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டு அகற்றி, காரை அளவுச் சட்டத்தில் பொருத்தி, தயாரிப்பாளர் தரும் அளவுகளின்படி புதிய பகுதியை இணைக்க வேண்டும். அதற்கு முன் இருக்கைகள், உள்தளம், வயரிங், சில வேளைகளில் முன்கண்ணாடி வரை கழற்றப்படும். ஊரில் டிங்கரிங் என்று அழைக்கப்படும் வேலைக்கும் இதற்கும் பெயரளவிலேயே ஒற்றுமை.

துருவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் முழுக் கூட்டையும் ஒரு தொட்டியில் மூழ்கவைத்து, மின்சாரத்தின் உதவியோடு துருத்தடுப்புப் பூச்சு ஏற்றுகிறார்கள். அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாத உள்வெற்றிடங்களுக்குள்ளும் சென்று படிகிறது. சர்வீஸ் சென்டரில் வெட்டி வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும். அதை அப்படியே மீண்டும் உருவாக்க எந்தப் பணிமனையாலும் முடியாது. இணைப்புகளில் சீலன்ட் பூசுவதும், உள்வெற்றிடங்களில் மெழுகுப் பூச்சு தெளிப்பதுமே மாற்று வழி. அதைச் செய்யாமல் விட்டால் வெளியே பளபளப்பான பெயின்ட் இருக்க, உள்ளே ஈரம் வேலையைத் தொடங்கிவிடும். கடற்காற்றும் மழையும் மிகுந்த திருவனந்தபுரம் மாவட்டத்தில் அது தாமதமாக வரும் விருந்தாளி அல்ல. பழுதுக்குப் பின் காரைப் பெறும் உரிமையாளர் முதலில் கேட்க வேண்டியது பெயின்ட் நிறம் பொருந்துகிறதா என்பதை அல்ல. உட்புறத் துருத்தடுப்பு செய்யப்பட்டதா, பணிச்சீட்டில் அது எழுதப்பட்டுள்ளதா என்பதையே.

சட்டம் என்ன சொல்கிறது

இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் 2012 ஜூலையில் தன்னார்வ முறையில் ஒரு நெறியை வகுத்தது. அதுவரை நிறுவனங்கள் பல வேளைகளில் 'திரும்ப அழைப்பு' என்ற சொல்லையே தவிர்த்தன. 2010இல் சில நானோ கார்கள் தீப்பற்றியபின் டாடா மோட்டார்ஸ் இலவசமாகக் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்து தந்தது. ஆனால் அதைத் திரும்ப அழைப்பு என்று அது ஒப்புக்கொள்ளவில்லை.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகே மத்திய அரசுக்குக் கட்டாயமாகத் திரும்ப அழைக்க வைக்கும் அதிகாரம் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரித்து அல்லது இறக்குமதி செய்து ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே விதிகள் பொருந்தும். எத்தனை உரிமையாளர்கள் புகார் அளித்தால் அரசு தலையிடும் என்பது அந்த வகை வாகனத்தின் ஆண்டு விற்பனை அளவைப் பொறுத்தது. அரசு உத்தரவின் பேரில் திரும்ப அழைக்க நேர்ந்தால், வாகனங்களின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம் உண்டு. நிறுவனம் தானாகவே குறையைக் கண்டு அரசிடம் தெரிவித்து அழைத்தால் அபராதம் இல்லை. பெரும்பாலான அழைப்புகள் 'தன்னார்வ' அழைப்புகளாக வருவதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம் என்று கருதலாம்.

பிரிவின் மையமான வாசகம் உரிமையாளர் கவனிக்க வேண்டியது. நிறுவனம் வாகனத்தின் முழு விலையையும் திருப்பித் தரலாம். அல்லது அதற்கு இணையான, அதைவிட மேலான வேறொரு வாகனத்தை மாற்றித் தரலாம். அல்லது பழுதை நீக்கித் தரலாம். கடன் நிலுவை இருந்தால் விலை திருப்பித் தரப்படுவது அந்தக் கடன் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாகன உரிமையாளருக்கு உண்டு என்று பிரிவு வெளிப்படையாகக் கூறவில்லை. நடைமுறையில் நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது; பழுதுநீக்குவதே மலிவு என்பதால் அதையே தேர்ந்தெடுக்கிறது. மாற்றுக் கார், பயணச் செலவு, மறுவிற்பனை மதிப்புக் குறைவு ஆகியவை பற்றிப் பிரிவு பேசவில்லை. பம்பை மாற்றும் அழைப்பில் இந்த மௌனம் உறுத்தாது. மூன்று வாரம் கார் பணிமனையில் நிற்கும்போது உறுத்தும்.

வெளிநாடுகளில் நடந்தவை

உடற்கூடு அல்லது அடிச்சட்டம் கெட்டபோது நிறுவனங்கள் எதுவரை சென்றன என்பதற்கு வெளிநாட்டு முன்னுதாரணங்களே வழிகாட்டி. 1980இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களின் முன்புற சப்ஃபிரேம் துருப்பிடித்த விவகாரத்தில், நிறுவனம் பல கார்களை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. அந்தப் பெயரின் மதிப்பு அங்கே மீளவே இல்லை.

அமெரிக்காவில் டொயோட்டா டகோமா வண்டிகளுக்கு நேர்ந்தது இன்னும் விரிவான பாடம். பனி உருக்கச் சாலையில் தூவும் உப்பால் அவற்றின் அடிச்சட்டங்கள் உள்ளிருந்து அரித்து ஓட்டையாயின. 2008இல் டொயோட்டா, 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சட்டத்துக்கு உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. மோசமாக அரித்த வண்டிகளைச் சந்தை மதிப்பைப்போல் ஒன்றரை மடங்கு விலைக்குத் திரும்ப வாங்கியது. பத்தாண்டு பழைய வண்டிக்குச் சந்தை தருவதைவிட அதிகம் தருவது தாராளம் போலத் தோன்றலாம். புதிய சட்டத்தை வரவழைத்து, முழு வண்டியையும் அதன்மேல் மாற்றி ஏற்றுவதற்கு ஆகும் கூலியோடு ஒப்பிட்டால் அது கணக்குதான். விவகாரம் அதோடு முடியவில்லை. பிற்கால டகோமா, டன்ட்ரா, செகோயா உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 2016இல் ஏற்பட்ட உடன்பாடு சுமார் 15 லட்சம் வண்டிகளை உள்ளடக்கியது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை கணக்கிடப்பட்டது. அதன்படி ஒவ்வொரு வண்டியையும் ஆய்வு செய்து, அரிப்பு வரம்பு மீறிய வண்டிக்கு முழுச் சட்டத்தையும் இலவசமாக மாற்ற வேண்டும்.

2022 ஜூனில் அதே நிறுவனம் பிஇசட்4எக்ஸ் மின்சாரக் காரைச் சக்கர போல்ட்டுகள் கழலக்கூடும் என்று திரும்ப அழைத்தது. உலகம் முழுவதும் சுமார் 2,700 கார்கள்தான். ஆனால் தீர்வு கைவசம் இல்லாததால் ஓட்டவே வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அதற்கு ஈடாக மாற்றுக் கார் தரப்பட்டது. அமெரிக்காவில் விரும்பியவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கவும் நிறுவனம் முன்வந்தது. 2025 மார்ச்சில் டெஸ்லா 46,096 சைபர்டிரக் வண்டிகளை அழைத்தது. பசையால் ஒட்டப்பட்டிருந்த எஃகு வெளித்தகடு ஓட்டத்தில் பிரிந்து விழக்கூடும் என்பதே காரணம். ஒட்டிய தகட்டை எடுத்துவிட்டு, போல்ட்டால் பிணைத்த புதிய தகட்டைப் பொருத்தித் தந்தது.

அமெரிக்கச் சட்டமும் பழுதுநீக்கல், மாற்று, விலையைத் திருப்பித் தருதல் என்ற மூன்று வழிகளையே கூறுகிறது. ஆனால் இலவசத் தீர்வுக்கான வயது வரம்பு அங்கே 15 ஆண்டுகள். இந்திய விதி பொருந்தும் காலத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். உடற்கூட்டுக் குறை பொதுவாக ஆண்டுகள் சென்றபின்தான் வெளித்தெரியும் என்பதால், இந்த வேறுபாடு எண்ணளவில் தெரிவதைவிடப் பெரியது.

கேட்டுப் பெற வேண்டியவை

முதலில் கார் உண்மையில் அழைப்புக்கு உட்பட்டதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். ஒரே வகைக் காரில் குறிப்பிட்ட மாதங்களில் தயாரானவை மட்டுமே அழைக்கப்படும். ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிந்து பார்க்கலாம். பழைய கார் வாங்கியவர்களுக்கு அஞ்சலோ குறுஞ்செய்தியோ முந்தைய உரிமையாளருக்கே போகும் என்பதால், அவர்கள் தாமே தேடிப் பார்ப்பது அவசியம். திரும்ப அழைப்பு வாகனத்துக்கு உரியது, முதலில் வாங்கியவருக்கு மட்டும் உரியதன்று. எத்தனையாவது கை என்பதால் இலவசப் பழுதுநீக்கல் மறுக்கப்படக் கூடாது. வாரண்டிக் காலம் முடிந்துவிட்டது என்பதும் ஏற்கத்தக்க காரணமல்ல.

ஓட்டலாமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் பெறுவது நல்லது. 2022 ஆகஸ்டில் மாருதி சுசூகி 166 டிசையர் டூர் எஸ் கார்களை ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக அழைத்தபோது, அதை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அவை வாடகைக்கு ஓடுபவை என்பதால் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. உடற்கூட்டுக் குறைக்கு இத்தகைய எச்சரிக்கை வந்தால், வளைவுகளில் கூடு முறுக்கப்படும் மலைப்பாதையில் காரை ஓட்டிக்கொண்டு நகர் வரை போவது சரியல்ல. ரெக்கவரி வேன் அனுப்பும்படி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவைக் கேட்கலாம். கேட்காதவருக்கு யாரும் தாமாக அனுப்புவதில்லை.

காரை ஒப்படைக்கும் முன் உள்ளும் புறமும் நாளிட்ட படங்கள் எடுத்துவைப்பது பின்னர் பல வாக்குவாதங்களைத் தவிர்க்கும். ஏற்கெனவே விபத்தில் சிக்கி வெளியிடத்தில் பழுதுபார்த்த கார் என்றால், குறை தயாரிப்பாளருடையதா பழைய பழுதுடையதா என்ற சர்ச்சை எழுவது உறுதி. பணி எங்கே நடக்கும் என்பதையும் கேட்க வேண்டும். சிறு டீலர்களிடம் உடற்கூட்டு அளவுச் சட்டம் இருக்காது. அவர்கள் காரை வேறு பணிமனைக்கு அனுப்புவார்கள். அதில் தவறில்லை, ஆனால் உத்தரவாதம் யாருடைய பெயரில் என்பது தெரிந்திருக்க வேண்டும். திரும்பப் பெறும்போது மாற்றிய பகுதிகளின் பட்டியல், அளவுப் பரிசோதனை அறிக்கை, செய்த பணிக்கும் பெயின்டுக்கும் தனி உத்தரவாதம் ஆகியவை எழுத்தில் இருப்பது மறுவிற்பனையின்போது பணமாகும் ஆவணங்கள்.

சில கார்களில் சேஸிஸ் எண் உடற்கூட்டின் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டையே மாற்றுவதாயிருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியும் பதிவும் இன்றி வேலையைத் தொடங்கவிடக் கூடாது. கல்லாறு பகுதியினருக்கு அது நெடுமங்காடு அலுவலகம். எண் பொருந்தாத கார் காப்பீட்டிலும் விற்பனையிலும் சிக்கலாகும். காப்பீட்டிலிருந்து பழுதுச் செலவைப் பெறலாம் என்ற எண்ணமும் தவறு. மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்துக்கானது, தயாரிப்புக் குறைக்கானதல்ல.

மாற்றுக் கார் கிடைக்குமா? இந்தியாவில் அதற்குச் சட்டப்படியான உறுதி இல்லை. சில நிறுவனங்கள் நல்லெண்ண அடிப்படையில் தருகின்றன. மறுத்தால் டாக்ஸிக் கட்டண ரசீதுகளைச் சேர்த்துவைப்பதே வழி. நுகர்வோர் ஆணையத்தில் அவை இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அடித்தளமாகும்.

ஆணையத்துக்குச் சென்றால்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளரின் பொருள்சார் பொறுப்பைத் தனி அத்தியாயமாக வகுத்துள்ளது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்த அத்தியாயத்தின்கீழ் கோரக்கூடிய 'தீங்கு' என்பதில் உயிரிழப்பு, காயம், பிற உடைமைச் சேதம், மன உளைச்சல் அடங்கும். குறையுள்ள பொருளுக்கே நேர்ந்த சேதமும் வணிக இழப்பும் அடங்கா. எனவே விபத்து எதுவும் நேராமல், பெரும் பழுதால் காரின் மதிப்பு குறைந்தது என்பவர், 'குறையுள்ள பொருள்', 'சேவைக் குறைபாடு' என்ற வழியிலேயே புகார் அளிக்க வேண்டும். ஆணையம் குறையை நீக்கவோ, காரை மாற்றவோ, விலையைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ உத்தரவிடலாம்.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இரு எல்லைகளைக் காட்டுகின்றன. மாருதி உத்யோக் தொடர்பான 2006ஆம் ஆண்டு வழக்கில், வாரண்டி குறையுள்ள பாகத்தை மாற்றுவதையே குறிக்கிறது, முழுக் காரையும் அல்ல என்று நீதிமன்றம் கூறியது. 2022 ஏப்ரலில் ஹூண்டாய் தொடர்பான வழக்கில், விபத்தில் ஏர்பேக் விரியாத கிரெட்டா காரை மாற்றித் தரவும் ரூ.3 லட்சம் இழப்பீடு வழங்கவும் பிறப்பிக்கப்பட்ட உத்தரவை உறுதிசெய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தையும் அத்தீர்ப்பு பதிவுசெய்தது. கழற்றி மாட்ட முடியாத உடற்கூட்டில் குறை என்றால் 'பாகத்தை மாற்றினால் போதும்' என்ற முதல் தீர்ப்பின் தர்க்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது விவாதத்துக்குரியது. இரண்டாவது தீர்ப்பு உரிமையாளர் பக்கம் வலுச் சேர்க்கிறது.

பொருளுக்குச் செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். காரை எங்கே வாங்கியிருந்தாலும், வசிக்கும் மாவட்டத்தில் புகார் அளிக்கலாம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ரூ.10 லட்சம் வரை ரூ.200, ரூ.20 லட்சம் வரை ரூ.400. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். தொழில்நுட்பக் குறையைக் கண்டறிய ஆணையம் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நிறுவனம் தானே வெளியிட்ட திரும்ப அழைப்பு அறிவிப்பு கையில் இருந்தால் குறை உண்டா இல்லையா என்ற வாதத்தில் பாதி வழி கடந்தாயிற்று. வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

பொன்முடிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள், வாடகைக் கார் என்பதால் தாம் நுகர்வோர் அல்ல என்று எண்ண வேண்டியதில்லை. வணிக நோக்கில் வாங்கியவரைச் சட்டம் விலக்கினாலும், சுயதொழிலாகத் தன் வாழ்வாதாரத்துக்கு மட்டுமே ஒரு வாகனத்தை வாங்கி ஓட்டுபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. பல கார்களை வைத்து ஆட்களை அமர்த்தி ஓட்டும் நிறுவனத்துக்கு இந்த வாசல் திறக்காது.

நிறுவனமே நாட்டைவிட்டு விற்பனையை நிறுத்திக்கொண்டால்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டும் சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றே உறுதியளித்தன. ஆனால் பணிமனைகளின் எண்ணிக்கை குறையும்போது உடற்கூட்டு வேலைக்கான தகடுகள் வந்துசேரும் காலம் நீளும். அந்த நாட்களில் மாற்றுக் கார் யார் தருவது என்பதைக் காரை ஒப்படைக்கும் முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொள்வது உரிமையாளர் கையில்தான் இருக்கிறது.